பச்சைக்கோடு

லிட்டருக்கு மூன்று கிலோமீட்டர் என்பது
எங்கள் கம்பெனிக் கணக்கு.
அதற்குமேல் ஓட்டிக் காட்டினால்
மிச்சமாகும் டீசலில் பாதிக்காசு எனக்கு.
மாதம் ஐந்தாம் தேதி
ஆண்டார்குப்பம் யார்டில்
கோமளவல்லி மேடம் தாளை அச்சடித்து நீட்டுவார்.
போன மாதம் எனக்கு மூன்று புள்ளி நான்கு.

மீட்டரில் ஒரு பச்சைக்கோடு இருக்கிறது,
ஆயிரத்து இருநூறுக்கும் ஆயிரத்து ஐந்நூறுக்கும் நடுவில்.
முள் அதற்குள் படுத்திருக்கும்வரை
எஞ்சினுக்கு என்மேல் கோபமில்லை.
தாண்டினால் உறுமும்.
உறுமல் என்றால் டீசல்,
டீசல் என்றால் என் மகள் ரெஜினாவின் வேன் கட்டணம்.

எர்ணாவூர் மேம்பாலத்துக்குக்
கீழேயே மூச்சுப் பிடித்துக்கொள்ள வேண்டும்.
பாதி ஏற்றத்தில் கியர் தடுமாறினால்
இருபது டன் பின்னாலிருந்து சட்டையைப் பிடித்து இழுக்கும்.
இறக்கத்தில் நியூட்ரல் போடுகிறவன்
மிச்சம் பிடிப்பதாக நினைக்கிறான்.
கியரிலேயே விட்டுக் காலை எடுத்தால் போதும்,
சொட்டு டீசல் கேட்காமல் இறங்கும் வண்டி,
பிரேக்கும் கொதிக்காது.
இதை நான் தெரிந்துகொண்டது
சவரிமுத்துவின் லாரி நின்ற இடத்தைப் பார்த்து.
நின்றது என்று சொல்வது ஒரு மரியாதைக்கு.

ஜீரோ கேட் வரிசை
காசிமேடு தாண்டி நீளும் இரவுகளில்
எஞ்சினை அணைத்துவிடுவேன்.
முன்வண்டிக்காரன் அணைப்பதில்லை, அவனுக்கு ஃபேன் வேண்டும்.
கொசு அவனையும்தான் கடிக்கிறது.
அணைத்தபின் கேட்கும்
கருங்கல்லில் கடல் அறைவது,
யாரோ போனில் வீட்டுக்குப் பொய் சொல்வது:
"மாதவரம் வந்துட்டேம்மா, இன்னும் அரை அவர்."
கம்பியால் பதினெட்டு டயரையும் தட்டுவேன்.
காற்றிருந்தால் டங்.
குறைந்தால் தொப்.
தொப் என்கிற டயர் டீசலைத் திருடும்,
பிறகொரு நாள் ஆளையும்.

கண்ணாடிக்குப் பின்னால்
தீப்பெட்டி அளவில் ஒரு பெட்டி ஒட்டியிருக்கிறார்கள்.
திடீர் பிரேக் அடித்தால் அதில் ஒரு சிவப்புப் புள்ளி.
சிவப்புப் புள்ளி விழுந்தால் அந்த மாதக் காசு இல்லை.

செவ்வாய்க்கிழமை, சாத்தாங்காடு திருப்பம்,
காலை ஏழு இருபது.
உரக்கம்பெனிக் காற்று மூக்கை அரித்தது.
முன்வண்டிக்கும் எனக்கும் நான்கு நொடி இடைவெளி.
இந்த ஊரில் இடைவெளி என்பது அழைப்பிதழ்.
ஷேர் ஆட்டோ ஒன்று புகுந்தது.
சரி, வா என்று காலை எடுத்து
மறுபடி நான்கு நொடி விட்டேன்.
இடது கண்ணாடியில் ஒரு சைக்கிள் இருந்தது.
பிறகு இல்லை.

இல்லை என்றால் போய்விட்டது என்று அர்த்தமில்லை.
கதவுக்குக் கீழே
எந்தக் கண்ணாடிக்கும் எட்டாத
ஓர் ஆள் அகல இருட்டில் இருக்கிறது.

அழுத்தினேன்.
முள் எங்கே போனதென்று பார்க்கவில்லை.
காற்று சீறியது, கண்டெய்னர் முதுகில் இடித்தது,
பின்னால் வந்த டேங்கர்காரன்
என் அம்மாவைப் பற்றி ஏதோ சொன்னான்.
பம்பருக்கு முன்னால் மெதுவாக வெளிப்பட்டது சைக்கிள்.
ஒரு பையன், காதில் ஒயர்,
கேரியரில் கயிறு கட்டிய தண்ணீர்க் கேன்.
திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.
அவனுக்கு எதுவும் நடக்கவில்லை.
எதுவும் நடக்காததை
எந்தப் பெட்டி பதிவு செய்யும்?

ஐந்தாம் தேதி வந்தது.
மூன்று புள்ளி மூன்று, பக்கத்தில் சிவப்பு.
"காரணம்னு ஒரு கட்டம் இருக்கு லூர்து,
எழுதினாலும் காசு வராது.
என்ன போட?"
தண்ணீர்க் கேன் என்றேன்.
என்னை ஒருமுறை பார்த்துவிட்டு
அப்படியே எழுதினார்,
எழுத்துப் பிழையில்லாமல்.

வண்டியில் ஏறி
இடது கண்ணாடியைக் கீழே சாய்த்தேன்.
வானம் கொஞ்சம் குறைந்தது.
தார் கொஞ்சம் கூடியது.